தனியே வரும் பெண்ணுக்கு ஓர் அறை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொரளையில் பணியாற்றும் வைத்தியர்களாகிய நாங்கள், வருத்தத்தை விசாரிக்கும்போது கூடவே ஒன்று கேட்பதுண்டு: “இரவு எங்கே தங்கினீர்கள், அம்மா?” 1895இல் தொடங்கிய சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இங்கேதான் இருக்கின்றன. கிளிநொச்சி, மட்டக்களப்பு, ஹற்றன் என்று தூர இடங்களிலிருந்து கிளினிக் கொப்பியோடு வருபவர்களில் தனியே வரும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் உள்ளவை மூன்று வழிகள்: உறவினர் வீடு, லொட்ஜ், ஹோட்டல்.

உறவினர் வீட்டில் சுடுசோறு உண்டு. காய்ச்சல் என்றால் பார்க்க ஆள் உண்டு. ஆனால் “என்ன வருத்தம்? ஏன் அவர் கூட வரவில்லை?” என்ற விசாரணையும் உண்டு. மார்பில் கட்டி என்றோ, பிள்ளை இல்லை என்றோ வைத்தியரிடம் வருபவள், அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே கிளினிக் திகதியைத் தள்ளிப் போடுகிறாள். எங்களுக்குக் கவலை தருவது இதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானுக்குத் தனியே சுற்றுலா போகும் நம் தங்கைமாரும் ‘ரியோகான்’ எனும் பழைய பாணி விடுதியா, ஹோட்டலா என்று கேட்கிறார்கள். ரியோகானில் பாய் விரித்த அறை, இரவும் காலையும் சாப்பாடு, கவனிக்க ஆள். கட்டணம் பெரும்பாலும் அறைக்கல்ல, ஆளுக்கு. ஆனாலும் தனியாளுக்கு அறை தர மறுக்கும் விடுதிகளும், கூடுதலாகக் கேட்கும் விடுதிகளும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவர்களது சூப்பில் நமது மாசியைப் போன்ற உலர்ந்த மீன் சேரும். நகரத்துச் சிறு ஹோட்டல்களிலோ ஒருவருக்கென்றே அளவான அறை உண்டு. யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆறுதலாக ஓரிரவு ரியோகானில், மற்ற நாட்களில் ஹோட்டலில் என்று சொல்லி அனுப்புகிறோம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. தமிழில் பேசலாம், பக்கத்தில் இடியப்பக் கடை இருக்கும். பொரளைக்கு வெள்ளவத்தையிலிருந்து 154ஆம் இலக்க பஸ், கொட்டாஞ்சேனையிலிருந்து 168. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு பழைய பயமும் ஒட்டியிருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. அந்த நாள் ஓய்ந்துவிட்டது. என்றாலும் “தனிப் பெண்ணுக்கு அறை இல்லை” என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

எதைத் தெரிவு செய்வது? வந்த காரணத்தைப் பாருங்கள். ஸ்கான், இரத்தப் பரிசோதனை என்று ஓரிரவுக்கு வந்தால் பஸ் பாதைக்குக் கிட்டிய லொட்ஜ் போதும். சத்திரசிகிச்சைக்குப் பின் தங்குவதானால் லிப்ட் அல்லது கீழ்த்தள அறை வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையோடு வந்தால் தனிக் கழிவறை கட்டாயம். அதற்காக ஹோட்டலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வீணில்லை. இன்சுலின் போடுபவர் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று முதலில் கேளுங்கள். எங்கே என்றாலும், காசு கொடுக்கு முன் அறைக்குள் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். இடத்தின் பெயரையும் அறை இலக்கத்தையும் ஒருவருக்காவது அறிவியுங்கள்.

அந்த ஒருவர் நமது சங்கமாக இருக்கலாமே என்பதே எங்கள் வேண்டுகோள். நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலுள்ள ஓர் இடத்தை நேரில் பார்த்து, தனியே வரும் பெண்ணுக்கு அறை தருவார்களா, வாடகை எவ்வளவு, எத்தனை படி என்று எழுதித் தந்தால் ஒரு கையேடு சேர்ந்துவிடும். ஊரிலிருந்து வரும் சகோதரிக்கு மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு: “சாப்பிட்டாயா? நாளைக்கு எத்தனை மணிக்கு?” அவ்வளவு போதும். என்ன வருத்தம் என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

வருகிற பொதுக்கூட்டத்துக்கு முன்பே இதைத் தொடங்குவோம்.