தந்ததா, கவர்ந்ததா?

(அறிவுடைமைச் சட்டமும் தரவுச் சட்டமும் அயல்நாட்டில் பயில விழையும் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

திருவள்ளுவர் 'அறிவுடைமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆங்கே அறிவு என்பது மாந்தன் பெற்றிருக்கும் பண்பு. இற்றைச் சட்டநூலார் வளர்த்துள்ள துறை ஒன்றிற்கும் அப்பெயர் பொருந்தும். ஆனால் அவர்தம் துறையில் அறிவு, நிலம்போல் வேலியிடவும் விலைக்கு விற்கவும் குத்தகைக்கு விடவும் தக்கதோர் உடைமை. சொல் ஒன்று, பொருளோ இரண்டு. இவ்விரு பொருட்கும் இடைப்பட்ட தொலைவைத்தான் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் முதுநிலைச் சட்டக் கல்வியாகக் கற்பிக்கின்றனர்.

செருமனி நாட்டு மியூனிக்கு நகரை எடுத்துக்கொள்வோம். மாக்சு பிளாங்கு ஆய்வு நிறுவனம், ஆகசுபர்க்குப் பல்கலைக்கழகம், மியூனிக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் சியார்சு வாசிங்டன் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி ஆகிய நான்கும் கூடி, 2003ஆம் ஆண்டில் அங்கே அறிவுடைமைச் சட்ட நடுவம் ஒன்றை நிறுவின. பயிற்றுமொழி ஆங்கிலம், காலம் ஓராண்டு. சட்டம் கற்றார் மட்டுமல்லர், பொறியியலும் அறிவியலும் கற்றாரும் அங்குச் சேரலாம். மருந்தின் கூறும் பொறியின் இயக்கமும் அறியாதான் அவற்றின் காப்புரிமைக்கு எங்ஙனம் வழக்காடுவான்?

அங்குச் செல்லும் மாணவர் முதற்கண் எதிர்கொள்வது சொல்லாராய்ச்சியே என்றால் வியப்பாக இருக்கும். ஆங்கிலேயர் 1710இல் ஆன் அரசியார் காலச் சட்டத்தால் வளர்த்த கருத்திற்கு இட்ட பெயர் 'காப்பிரைட்டு'. அஃதாவது படியெடுக்கும் உரிமை. செருமானியர் அதனை 'ஊர்கேபர்ரெக்ட்டு' என்பர். ஆக்கியோன் உரிமை என்பது பொருள். முன்னது படியைப் பார்க்கிறது. பின்னது ஆளைப் பார்க்கிறது. இது வெறும் பெயர் வேறுபாடு அன்று. செருமானியச் சட்டப்படி, ஆக்கியோன் தன் உரிமையை அடியோடு பிறர்க்கு விற்றுவிட இயலாது. பயன்கொள்ளும் இசைவை மட்டுமே வழங்கலாம். நாம் வழங்கும் 'பதிப்புரிமை' என்னும் சொல் யாரைப் பார்க்கிறது? பதிப்போனையன்றோ? புலவர் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

மியூனிக்கு நகரில்தான் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் உள்ளது. வேப்பமர வழக்கு நடந்தது அங்கேதான். வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறை ஒன்றிற்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994இல் காப்புரிமை பெற்றன. வேம்பின் பயனை நம் உழவர் பண்டே அறிவர். ஆனால் 'பண்டே அறிவோம்' என்று முழங்கினால் வழக்கு வெல்லுமா? எந்நாள், எவ்விடம், எம்முறை எனக் காட்டல் வேண்டும். எதிர்த்தோர் காட்டினர், இந்தியத் தொழில்முனைவர் ஒருவர் முன்னரே நடத்திய கள ஆய்வுகளின் சான்று அவைமுன் வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே திங்களில் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுண்டது.

மஞ்சள் வழக்கு வேறு வகையானது. புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கிற்று. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காட, 1997இல் அது நீங்கிற்று. அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின் நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு முறையை அயல்நாட்டார் வழிவழியாகக் கையாண்டு வந்தனர் என்பது அங்கே செல்லாது. அயல்நாட்டு நூலில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். பாட்டியின் கைம்மருந்து வழக்கில் தோற்கும். அதையே எழுதிவைத்த ஏடு வெல்லும்! ஆகலின் சமற்கிருதம், உருது, இந்தி முதலான மொழிகளின் நூற்சான்றுகள் திரட்டப்பட்டன. தமிழ் மருத்துவ ஏடுகள் எங்கே என்று கேட்கத் தோன்றுமன்றோ? 2011இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கியது.

இனித் தரவுச் சட்டம். 'தரவு' என்பதன் அடி 'தா'. கலிப்பாவின் முதலுறுப்பிற்கும் அதுவே பெயர். இலத்தீன் மொழியில் 'தாத்தும்' என்பதற்கும் 'தரப்பட்டது' என்றே பொருள். தரப்பட்டது எனின், தந்தவர் யார்? அவர் அறிந்து தந்தாரா, அறியாமல் கவரப்பட்டாரா? இத்துறையின் வினாவெல்லாம் இதனுள் அடங்கும்.

உலகின் முதல் தரவுக் காப்புச் சட்டம் செருமனியின் எசன் மாநிலத்தில் 1970இல் பிறந்தது. 1983 திசம்பர் 15ஆம் நாள், குடிக்கணக்கெடுப்பு வழக்கில் அந்நாட்டு அரசியலமைப்பு முறைமன்றம், தன்னைப்பற்றிய செய்திகளின் பயன்பாட்டைத் தானே முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டெனத் தீர்ப்புரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுக் காப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின் வலிமையை உலகறியச் செய்தவர் மாணவர் ஒருவரே. வியன்னாவில் சட்டம் பயின்ற மாக்சு சிரெம்சு என்பார், ஒரு பருவம் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் படித்தார். முகநூல் நிறுவனம் தம்மைப்பற்றி வைத்திருப்பதையெல்லாம் தருமாறு 2011இல் கேட்டார். 1,200 பக்கங்களுக்கு மேல் வந்து குவிந்தன. அழித்துவிட்டதாக அவர் கருதியவையும் அவற்றுள் இருந்தன! அவர் தொடுத்த முறையீட்டின் வழியாக, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற்குத் தரவு செல்ல வகைசெய்த ஏற்பாட்டை 2015 அக்டோபரில் ஐரோப்பிய முறைமன்றம் செல்லாதென்றது. அதற்கு மாற்றாக வந்த ஏற்பாடும் 2020 சூலையில் வீழ்ந்தது. படிக்கச் சென்றவர் பட்டத்தோடு திரும்பினால் போதும் என்றிருந்தால் இது நிகழ்ந்திராது.

உடைமைச் சட்டமும் தரவுச் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. ஊரார் தொலைபேசி எண்களைத் திரட்டி அகரவரிசையில் அடுக்குவது உழைப்பே. ஆயினும் ஆக்கம் அன்று, ஆகவே அதற்கு உரிமை இல்லை என 1991இல் அமெரிக்க உச்சமுறைமன்றம் கூறிற்று. ஐரோப்பியரோ 1996இல், பெரும்பொருள் செலவிட்டுத் தொகுத்த தரவுத் தொகுதிக்கு 15 ஆண்டு உரிமை வகுத்தனர். அறிஞரிடையே இன்றும் ஓயாத பூசல் இது.

இப்பூசல் தமிழர்க்குத் தொலைவில் இல்லை. வேம்பும் மஞ்சளும் தந்த படிப்பினையால், இந்திய அரசு 2001 முதல் மரபறிவு எண்ணிம நூலகம் ஒன்றைத் தொகுத்து வருகிறது. சித்த மருத்துவத் தமிழ் நூல்களின் மருந்துமுறைகளும் அதில் உள்ளன. அவை ஆங்கிலம், பிரஞ்சு, செருமன், இசுபானியம், சப்பான் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு, அயல்நாட்டு அலுவலர் படித்தறிய வைக்கப்பட்டுள்ளன. 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதனைப் பார்க்கும் இசைவு பெற்றது. அது கவர்வோரைத் தடுக்கும் வேலி. ஆயின் 2022 ஆகத்து 17ஆம் நாள், காப்புரிமை அலுவலகங்கட்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் கட்டணத்தின்பேரில் அதனைத் திறந்துவிட நடுவண் அமைச்சரவை இசைந்தது.

மருந்துமுறையை ஏட்டில் எழுதிய சித்தர்க்கு அதில் என்ன உரிமை? வழிவழியாகக் காத்த மருத்துவக் குடிகட்கு என்ன பங்கு? தொகுத்த அரசு உடைமையாளனா, காவலனா? பொருள் கொடுத்துப் படிக்கும் நிறுவனம் அதிலிருந்து புதுமருந்து ஆக்கினால், அது தந்ததா, கவர்ந்ததா? மரபறிவின் பிறப்பிடத்தைக் காப்புரிமை வேண்டுவோர் வெளிப்படுத்தல் வேண்டும் என்னும் உடன்படிக்கை ஒன்று செனீவாவில் 2024 மே 24 அன்று ஏற்கப்பட்டுள்ளது. அதன் விதிகளை அருகில் வைத்துக்கொண்டு, ஓலையைப் படிக்கவும் சட்டத்தை உரைக்கவும் ஒருங்கே வல்ல ஒருவர் இவ்வினாக்களை ஓராண்டுப் படிப்பின் முடிவில் எழுதும் ஆய்வேட்டிற்குப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.