பள்ளியில் தொழில் படித்தால் மேலே போக முடியுமா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் பல வீடுகளில் ஒரே பேச்சு. "மகளுக்குச் சாதாரண பிளஸ் டூ கிடைக்கவில்லை. தொழில் படிப்பில்தான் இடம் கிடைத்திருக்கிறது." இதைச் சொல்லும்போதே அப்பாவின் குரல் இறங்கிவிடுகிறது. தொழில் படித்தால் மேல்படிப்புக்கு வழி அடைந்துவிடும் என்று பயம்.

இந்தப் பயம் சரியா?

கேரளத்தில் இந்தப் படிப்பு 1983-84இல் 19 பள்ளிகளில் தொடங்கியது. இன்று 380 பள்ளிகளுக்கு மேல் இருக்கிறது. பெயர் வொக்கேஷனல் ஹயர் செகண்டரி. சுருக்கமாக வி.ஹெச்.எஸ்.இ. என்பார்கள். மணக்காட்டில் அரசு பெண்கள் பள்ளியிலேயே இந்தப் பிரிவு உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு. மற்றப் பாடங்களோடு ஒரு தொழிலும் கற்றுத் தருவார்கள். முடித்தால் அது பிளஸ் டூவுக்குச் சமம். இது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது பாலிடெக்னிக்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா படிக்க மூன்று ஆண்டு ஆகும். பத்தாம் வகுப்பு முடித்தவர் முதல் ஆண்டில் சேர்கிறார். வி.ஹெச்.எஸ்.இ. முடித்தவர் தகுதி இருந்தால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் இந்த வழி உண்டு. இதற்கு லேட்டரல் என்ட்ரி என்று பெயர். அதாவது பக்கவாட்டு வாசல். தமிழ்நாட்டிலும் இந்த வாசல் இருக்கிறது.

ஒரு வருஷம் மிச்சம் என்பது சின்ன விஷயமா? சுமை தூக்கிப் பிழைக்கும் ஒரு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு வருஷத்துப் பஸ் கூலி, புத்தகம், சாப்பாடு. பிள்ளை ஒரு வருஷம் முன்னால் வேலைக்குப் போனால் வரும் சம்பளம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தங்கச்சியின் படிப்பே அதில் நடந்துவிடும்.

வட்டியூர்க்காவில் மத்திய பாலிடெக்னிக் 1958 முதல் இருக்கிறது. கைமனத்தில் பெண்களுக்கென்றே ஒன்று உண்டு. டிப்ளமா முடித்தபின் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரவும் நுழைவுத் தேர்வு உண்டு. 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரிக்கும் அப்படிப் போகலாம். ஆக, படிகள் இருக்கின்றன.

ஆனால் ஒரு படி வழுக்கும். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வி.ஹெச்.எஸ்.இ.யில் எல்லாப் பிரிவும் ஒன்றல்ல. சிலவற்றில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இருக்கும். சிலவற்றில் கணக்குக்குப் பதில் உயிரியல். சிலவற்றில் வணிகம். பாலிடெக்னிக்கின் பக்கவாட்டு வாசலுக்குக் கணக்குள்ள பிரிவே நல்லது. வணிகப் பிரிவில் சேர்ந்த பெண், இரண்டு வருஷம் கழித்து வட்டியூர்க்காவுக்குப் போய்க் கேட்டால் என்ன ஆகும்? வாசல் மூடியிருக்கும். அவளுக்கு வேறு பட்டப்படிப்புகள் உண்டு. ஆனாலும் முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் வேண்டாமே! மதிப்பெண் கணக்கும் உண்டு. தேர்ச்சி மட்டும் போதாது.

இன்னொரு குறை. பள்ளியில் ஒரு தொழில் படித்த பையனுக்குப் பாலிடெக்னிக்கில் அதே பிரிவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் கை பழகியது அங்கே பாதி வீணாகலாம். பள்ளி ஆசிரியரும் பாலிடெக்னிக் ஆசிரியரும் உட்கார்ந்து பேசினால்தான் இது தீரும்.

அமெரிக்காவில் இப்படிப் பேச வைக்கவே ஒரு சட்டம் பணம் கொடுத்தது. ஆண்டு 1990. அங்கே ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரி உண்டு. உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வருஷம், சமுதாயக் கல்லூரியின் இரண்டு வருஷம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாடத்திட்டம். பள்ளியில் படித்ததைக் கல்லூரியில் மறுபடி படிக்க வேண்டாம். நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரி வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று. அது வேலைக்கு ஆளைத் தயார் செய்யும் கல்லூரி. பள்ளியோடு இப்படிக் கட்டி வைத்த திட்டம் நம்மிடம் இன்னும் பலப்படவில்லை.

அதனால் சேர்க்கும் நாளில் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். "இந்தப் பிரிவில் கணக்கு உண்டா? இதை முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாமா? எத்தனை மதிப்பெண் வேண்டும்?" வெட்கப்படாமல் கேளுங்கள். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். அந்த வருஷத்து விளக்கக் குறிப்பை நீங்களே எழுத்துக்கூட்டி வாசியுங்கள். மெதுவாக வாசித்தால் போதும். அவசரம் இல்லை.

விண்ணப்பம் இணையத்தில்தான். பக்கத்து அக்ஷயா மையத்தில் போட்டுத் தருவார்கள். சாதி, வருமானச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கூட்டம் தாங்காது.