தாய்ச்செடியும் பக்கக்கன்றும்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களிலே கிணற்று நீர் கோடையிற் கீழிறங்கிச் சற்றே உவர்ப்பேறுவது உண்டு. வளவில் நட்ட ரோசாவும் குரோட்டனும் அக்காலத்தில் வாடி நிற்கும். விறாந்தை ஓரத்துச் சாடியில் இருக்கும் கக்டஸ் செடியோ யாருடைய தயவையும் எதிர்பாராது நிமிர்ந்து நிற்கும். சில ஆண்டுகள் கழிய, அதன் அடியைச் சுற்றிக் கோழியின் சிறகடியில் ஒடுங்கிய குஞ்சுகள்போலச் சின்னஞ்சிறு உருண்டைகள் தோன்றும். இவையே பக்கக்கன்றுகள். இவற்றைத் தாயிடமிருந்து பிரித்து வேறு சாடியில் வாழவைக்கும் முறையே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்கள் ஒரு வீட்டை மனத்திற் கொள்வார்களாக. அவ்வீட்டு மகன் தொழில் தேடிக் கடல் கடந்து செல்லுகையில், தான் வளர்த்த கக்டஸ் சாடியைத் தாயிடம் ஒப்படைத்து, “அம்மா, இதற்கு அதிகம் தண்ணீர் வேண்டாம்” என்று சொல்லிச் சென்றான். தாய்மனம் அதனைக் கேட்குமா? பிள்ளை வைத்துவிட்டுப் போன செடி வாடலாகாதென்று, மல்லிகைக்கு ஊற்றிய கையோடு அதற்கும் நாள்தோறும் ஒரு செம்பு நீர் ஊற்றி வந்தாள். மாரி வந்தது, மழைநீரும் சேர்ந்தது. தை மாதத்தில் ஒரு நாள் பார்த்தபோது, செடியின் அடிப்பாகம் பழுப்பேறி, விரல்பட்ட இடம் அமிழ்ந்தது. “அழுகிவிட்டது, எறிந்துவிடு பிள்ளை” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆயினும் பக்கத்திலே மூன்று கன்றுகள் இன்னும் உறுதியாக இருந்தன. அவற்றைக் காப்பாற்ற இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், செடியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கக்டஸ் வேறு, நம் நாட்டுக் கள்ளி வேறு. திருகோணமலைப் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் சதுரக்கள்ளி, ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பழந்தமிழ்ப் புலவர் பாலைநிலத்திற் கண்ட கள்ளியும் அவ்வினத்ததே. கக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அக்குடும்பத்தில் ஓர் இனம் மாத்திரமே பழைய உலகிலும் இயற்கையாகக் காணப்படுகின்றது. ரிப்சாலிஸ் எனப்படும் அது, முள்ளின்றி மரக்கிளைகளிற் கயிறுபோலத் தொங்கி, ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் வளர்கின்றது. ஏனையவை யாவும் கப்பலேறி வந்தவையே.

இரண்டையும் இனங்காண்பது எளிது. கக்டஸின் முட்கள் பஞ்சு போன்ற சிறு மெத்தையிலிருந்து கொத்தாகத் தோன்றும். கள்ளிக்கு அம்மெத்தை இல்லை. கள்ளியை வெட்டினால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளையும். ஆதலின் கத்தியை எடுக்குமுன், கையிலுள்ளது எச்செடி என்று தெளிந்துகொள்ளுதல் முதற் கடமையாகும்.

வேரற்ற ஒரு கன்று வாரக்கணக்கில் வாடாமல் இருப்பது எங்ஙனம்? பெரும்பாலான செடிகள் பகலில் தம் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றன. அவ்வேளையில் நீரும் ஆவியாகி வெளியேறுகின்றது. கக்டஸ் பகலில் வாயை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிலே திறக்கின்றது. இரவில் பெற்ற காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாட் பகலொளியில் உணவாக்குகின்றது. தண்டிலே தேக்கிய நீரும் எளிதிற் குறைவதில்லை. எனவே பிரித்தெடுத்த கன்றுக்கு உடனடி ஆபத்து தாகத்தால் வருவதன்று. ஆறாத வெட்டுவாய் ஈரமண்ணிற் படும்போது, அதன் வழியே பூஞ்சணம் புகுவதாலேயே வருகின்றது. கன்றுகளை மாய்ப்பது பெரும்பாலும் புறக்கணிப்பு அன்று, அளவு கடந்த உபசரிப்பே.

இனிப் பருவத்தைப் பார்ப்போம். திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்துவிடும். காற்றே நீர்கோத்து நிற்கும் அந்நாட்களில் வெட்டுவாய் உலர்வது அரிது. மாரி ஓய்ந்து, காற்று உலர்ந்து, கோடையின் கொடுமை இன்னும் தொடங்காத மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. இளங்கன்று வேரூன்றிப் பலம்பெற, அடுத்த மாரிக்குமுன் ஆறேழு மாதங்கள் கிடைக்கும்.

எக்கினோப்சிஸ், மமிலேரியா முதலிய உருண்டை வகைகளில், கன்று ஏறக்குறைய ஓர் அங்குல அகலம் பெறும்வரை தாயுடன் விட்டுவைத்தல் நலம். மிகச் சிறியது தன்னைத் தாங்கும் நீரைத் தேக்கியிராது. பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே நீர் ஊற்றுவதை நிறுத்துக. பழைய செய்தித்தாளைப் பலவாக மடித்து நாடாபோலாக்கிச் செடியைச் சுற்றிப் பிடித்துச் சாடியிலிருந்து கழற்றலாம். உதிரும் மண்ணை உதிரவிட்டு, வேர்களைப் பார்க்குக. சில கன்றுகள் தாமே வேர்விட்டிருக்கும். அவை மெல்லத் திருகியவுடன் கையோடு வரும். வேரில்லாதவை தாயுடன் ஒட்டிய இடம் ஒடுங்கியிருக்கும். அவ்விடத்தைக் கூரிய கத்தியால் அறுக்குக. கத்தியை முன்னும் பின்னும் ஸ்பிரிட்டினால் துடைத்தல் அவசியம். விரலில் முள் தைத்தால், முள்வாங்கி கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

பிரித்த கன்றை உடனே நடலாகாது. வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், வெறும் கோப்பையின் வாய்மீது நிமிர்த்தி வைத்தல் வேண்டும். சிறிய வெட்டுவாய் நாலைந்து நாட்களில் உலரும்; அகன்ற வெட்டுவாய்க்கு இரண்டு வாரமும் செல்லக்கூடும். தொட்டுப் பார்த்தால் தோல்போல உறுதியாகவும் ஈரமின்றியும் இருப்பதே அடையாளம். கந்தகத் தூள் கிடைப்பின் வெட்டிய அன்றே சிறிது தூவலாம். ஆயினும் காற்றே தலைசிறந்த மருந்து.

அடுத்தது மண். கடல் அருகில் இருப்பதால் கடற்கரை மணலை அள்ளிவந்து சாடியை நிரப்பும் எண்ணம் எழுதல் இயல்பு. அது கூடாது. கடல்மணலில் உப்பும் சிப்பித்துகளும் கலந்திருக்கும். உப்பு இளவேரைக் கருக்கிவிடும். வீடு கட்டுவோர் பயன்படுத்தும் ஆற்றுமணலே தக்கது. அதனை அரிதட்டில் அரித்து, நுண்ணிய பொடியை நீக்கி, பருமணலில் இரண்டு பங்கும், மக்கிய இலையெரு கலந்த தோட்டமண் ஒரு பங்குமாகச் சேர்க்குக. உடைந்த ஓட்டின் சிறு துண்டுகள் சில கலப்பின் மேலும் நன்று. பிடித்தாற் கட்டியாகாது, விரித்தவுடன் உதிர்வதே ஏற்ற மண்.

சாடி மண்சாடியாக, அடியிற் துளையுள்ளதாக இருத்தல் வேண்டும். கன்றைவிட ஓர் அங்குலம் அகலமானது போதும். பெருஞ்சாடியிற் சிறு கன்றை வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலை அழைக்கும். கன்றை ஆழப் புதைத்தலும் தவறு. அடிப்பாகம் மண்ணைத் தொட்டு நிற்க, சாயாதபடி சுற்றிலும் கூழாங்கற்களை வைத்தால் அதுவே போதிய முண்டு.

நட்டபின் ஒரு வாரம் நீர் வேண்டாம். அதன்பின் மேல்மண் நனையுமளவு சிறிதே தெளித்து, அது முற்றாகக் காய்ந்தபின் மீண்டும் தெளிக்கலாம். மூன்று முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலான கன்றுகள் வேர்விடும். மெல்ல அசைத்தால் மண்ணைப் பற்றிக்கொண்டு அசைய மறுப்பதே அதன் குறி. பின்னர்ச் சாடித் துளையால் நீர் வெளியேறும்வரை நன்றாக ஊற்றி, மண் முழுதும் உலரும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்றுவதே முறை. உவர்க் கிணற்று நீரைவிடச் சேமித்த மழைநீர் சிறந்தது. இளங்காலை வெயிலை முதலிற் காட்டி, சிறிது சிறிதாகப் பழக்குக. நிழலில் இருந்த கன்றை உச்சி வெயிலில் திடீரென வைத்தால் தோல் வெந்து, மாறாத வடு விழும்.

பிரிக்கலாகாத ஒரு கன்றும் உண்டு. பச்சைத் தண்டின் உச்சியிற் செந்நிறமாகவோ மஞ்சளாகவோ ஒரு பந்து அமர்ந்த கக்டஸைச் செடிக்கடைகளிற் பலர் கண்டிருப்பர். அது 1940களில் ஜப்பானில் தோன்றிய வகை. அந்தச் செம்பந்தில் பச்சையம் இல்லை. எனவே அது தனக்கு உணவு ஆக்கமாட்டாது. கீழேயுள்ள பச்சைத்தண்டு வேறோர் இனம். அதன்மேல் ஒட்டுக்கட்டப்பட்டே அது வாழ்கின்றது. அதன் குட்டிகளைப் பிரித்து மண்ணில் நட்டால், எத்துணை பேணினும் அவை மாயும். வேறொரு பச்சைத்தண்டில் ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழி.

இனி அத்தாயின் வீட்டிற்கு மீள்வோம். அழுகிய செடியையும் இம்முறையாற் காக்கலாம். ஆனால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. உறுதியான மூன்று கன்றுகளையும் அறுத்து, வெட்டுமுகத்தை ஒளியிற் பார்க்க வேண்டும். முகம் முழுவதும் இளம்பச்சையாயின் அழுகல் எட்டவில்லை. நடுவே பழுப்புப் புள்ளியோ கோடோ தோன்றின், கத்தியைத் துடைத்து, மெல்லிய துண்டாக மேலும் அறுக்க வேண்டும்; பழுப்பு மறையும்வரை நிறுத்தலாகாது. அவள் அவ்வாறே செய்தாள். முதற் கன்று தூய்மையாக இருந்தது. இரண்டாவது இருமுறை அறுத்தபின் தூய்மையாயிற்று. மூன்றாவதை அறுக்க அறுக்கப் பழுப்பே நின்றது. அதனைக் கைவிட நேர்ந்தது. மற்ற இரண்டும் இரு வாரம் கோப்பைமேல் இருந்து உலர்ந்தன. நாள்தோறும் செம்போடு வந்த கை, நாள்தோறும் வெறுங்கையாகத் திரும்பியது. அவளுக்கு அதுவே கடினமான வேலையாயிற்று. பங்குனி முடிவில் இரண்டும் மண்ணைப் பற்றின.

அழுகிய தாய்ச்செடியையும் கழிவுகளையும் என்ன செய்வது? அழுகியதை எரிப்பதே நன்று. நலமான துண்டாயினும் வேலிக்கப்பால் எறியலாகாது. சப்பாத்துக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் வழங்கும் தட்டைத்தண்டுக் கக்டஸ் விடயத்தில் இது மிக முக்கியமாகும். அதன் ஒரு துண்டு நிலத்திற் கிடந்தாலே வேர்விடும். அவ்வாறு பரவி, நம் நாட்டின் தென்கரையில் புந்தல தேசிய பூங்காவின் நிலத்தையும் அது கவர்ந்துள்ளது. அவுஸ்திரேலியாவிலோ 1925ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தை இக்குடும்பத்துச் செடிகள் மூடிவிட்டன; ஆர்ஜென்டீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களே அவற்றை அடக்கின.

நம் பக்கத்திலும் இத்தகைய வரலாறு உண்டு. 1795ஆம் ஆண்டில், செஞ்சாயம் தரும் பூச்சியென்று கருதிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அது வேறோர் இனம்; நல்ல சாயம் தரவில்லை; ஆனால் அங்கே மண்டியிருந்த சப்பாத்துக்கள்ளி இனமொன்றைத் தின்று அழித்தது. அதன் பயனை உணர்ந்தோர் 1836ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியாவுக்கும், பின்னர் இலங்கைக்கும் அதனைக் கொண்டுவந்தனர். 1926ஆம் ஆண்டில் அவ்வினத்து மற்றொரு பூச்சி, இலங்கை வழியாகவே தென்னிந்தியாவை அடைந்து, வேறொரு சப்பாத்துக்கள்ளியை ஒழிக்க உதவியது. வேலியோரம் எறிந்த ஒரு துண்டு எத்தனை நாடுகளுக்கு வேலை வைக்கும் என்பதற்கு இவை சான்று.

ஆகவே கன்றைப் பிரிப்போர் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே. பருவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். காயம் ஆறும்வரை பொறுக்க வேண்டும். கேட்குமுன் நீர் கொடாதிருக்க வேண்டும். மிஞ்சியதைப் பொறுப்போடு அகற்ற வேண்டும். அந்த வீட்டு விறாந்தையில் இப்பொழுது இரண்டு சிறு சாடிகள் உள்ளன. ஒன்று மகன் வரும்போது அவனுக்கு. மற்றையது, எறிந்துவிடு என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. கொடுக்கும்போது அவள் சொல்லப்போகும் வார்த்தை, மகன் அவளிடம் சொல்லிச் சென்ற அதே வார்த்தைதான்: “இதற்கு அதிகம் தண்ணீர் வேண்டாம்.”