வேலை போனால் உரிமையும் போகுமா?

ஆலை வாயிலிலே ஓர் அறிக்கை ஒட்டப்படுகிறது. ஆட்குறைப்பாம்! பட்டியலிலே தம் பெயரைக் காண்கிறார் ஒரு தோழர். ஆகஸ்டுத் திங்கள் முடிவோடு கூலி நின்றது. கழுத்தோரத்திலே நெடுநாளாக ஒரு கட்டி. வேலை இருந்தபோது பார்க்க நேரமில்லை. வேலை போனபின் பார்க்கக் காசில்லை. நவம்பரிலே வலி பொறுக்காமல் மருத்துவரிடம் போகிறார். சதையை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய் என்கிறார்கள்.

அந்தத் தோழரின் வாயிலிருந்து வரும் முதற்சொல் என்ன? "வேலைதான் போய்விட்டதே, இனி ஈ.எஸ்.ஐ. நமக்கேது?" என்பதுதான். இது ஒருவரைப் பற்றிய கதையன்று. நம் ஆலைப் பகுதிகளில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அது தவறு, தோழர்களே! உரிமையை ஆளவந்தார் பறிக்குமுன்பே நாமே கைகழுவி விடுகிற தவறு!

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது 1948இல். கான்பூரிலும் தில்லியிலும் 1952இல் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலே கோவையில் 1955இல் கால்வைத்தது. அத்திட்டத்திலே ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்குப் பயன் கிடைக்கும் காலம் அடுத்த சனவரி முதல் சூன் வரை. அக்டோபர் முதல் மார்ச்சு வரை செலுத்தியதற்குப் பயன், சூலை முதல் டிசம்பர் வரை. அந்தந்த அரையாண்டிலே 78 நாள் சந்தா ஏறியிருந்தால் போதும். இப்போது நம் தோழரின் கணக்கைப் பாருங்கள். முந்தைய அக்டோபர்–மார்ச்சு உழைப்பு அவரை டிசம்பர் வரை காக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை உழைத்தாரே, அந்த உழைப்பு அடுத்த சூன் 30 வரை காக்கிறது. கூலி நின்ற பிறகும் பத்துத் திங்கள்! சிகிச்சை மட்டுமா? நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. கூலியில் நூற்றுக்கு 70 விழுக்காடு, ஆண்டிலே 91 நாள் வரை. நாளொன்றுக்குச் சராசரி 500 ரூபாய் கூலி பெற்றவருக்கு 350 ரூபாய் வீதம் 31,850 ரூபாய். பெருந்தொகையன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலையிலே அரிசி போட அது போதும். புற்றுநோய்ப் பிடியிலே சிக்கிய வீட்டில், அந்த மூன்று திங்கள் எவ்வளவு பெரிது என்பதை அனுபவித்தவரைக் கேளுங்கள்!

அதன்பின்? புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு நீட்டித்த உதவி உண்டு: கூலியில் 80 விழுக்காடு, முதலில் 124 நாள், தேவையானால் இரண்டாண்டு வரை. ஆனால் இங்கேதான் முள் இருக்கிறது. நோய் தொடங்கும்போது இரண்டாண்டுத் தொடர்பணி இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு அரையாண்டுகளிலே 156 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும் என்கிறது விதி. நோய் தொடங்கிய நாளென்று சான்றிலே எந்த நாள் ஏறுகிறது? வேலை இருந்த நாளா, போன நாளா? அந்த ஒரு தேதியிலே ஒரு குடும்பத்தின் இரண்டாண்டுச் சோறு தொங்குகிறது. கட்டி தெரிந்த அன்றே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதனாலேதான்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் தோழரின் நிலை இன்னும் கொடிது. ஆளுக்கொரு எண்தான், வாழ்நாள் முழுதும் அதுவே என்பது ஏற்பாடு. நடப்பதென்ன? ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புது எண் போடுகிறார்கள். பழைய சந்தா ஓரிடம், புதிய சந்தா ஓரிடம். பத்தாண்டு ஒரே தறியின் முன் நின்றவர், ஏட்டிலே ஆறு திங்கள் ஆளாக நிற்கிறார்! அவர் செய்த பிழை என்ன? தம் எண்ணைத் தாமே எழுதி வைக்காததுதான்.

இன்னொன்று. ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தவருக்கு, இரண்டாண்டு சந்தா இருந்தால், முதலாண்டு பாதிக் கூலியும் அடுத்த ஆண்டு கால் கூலியும், குடும்பத்துக்கு மருத்துவமும் தருவதாக, 2005இல் தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்பது அதன் பெயர். நம் தொழிலாளியின் நாவிலே நுழையாத பெயர். பெயரையே சொல்ல முடியாதவர் அதை எங்ஙனம் கேட்பார்? தானாக விலகியவருக்கு அத்திட்டத்தில் இடமில்லை. அதனாலேதான் சில மேலாளர்கள் "விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடு, கணக்கை உடனே தீர்க்கிறேன்" என்று தேனொழுகப் பேசுகிறார்கள். அந்தக் கையெழுத்து, ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் கூலி என்ற ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையையும் சேர்த்தே விழுங்கிவிடும். போடாதீர்கள்!

வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய்க்காக எடுப்பதைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை. ஆயின் அது உதவியன்று. முதுமைக்கென்று சேர்த்த தம் காசு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு இரயிலிலே படுக்கை வகுப்புக் கட்டணம் இல்லை, துணைக்குச் செல்பவருக்கும் சலுகை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. வேலியின் வெளியே நிற்பவருக்கு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வரை மருத்துவச் செலவு. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: திங்கள் 25,000 ரூபாய் பெற்றவர் 21,000 என்ற ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே என்று அங்கே தள்ளப்பட்டார். வேலை போனபின் வருமானச் சான்று கேட்டுச் சென்றால், சென்ற ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி இங்கேயும் தள்ளப்படுகிறார். இரண்டு கதவும் அடைத்த முற்றத்திலே நிற்கிறார் அவர். இன்றைக்கு அடுப்பு எரிகிறதா என்று பார்த்தல்லவா சான்று தரவேண்டும்? மேலும், காப்பீடு மருத்துவமனைக்குப் பணம் கட்டும். வீட்டு வாடகை கட்டாது. நோயாளிக்கு உலைக்கும் வழிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்று சட்டமன்றத்திலும் தெருவிலும் நாம் கேட்டாக வேண்டும்.

கேட்கும்வரை கைகட்டி இருக்கலாமா? ஒவ்வொரு கிளை மன்றத்திலும் ஞாயிறு காலையில் ஒரு மேசை போடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இரு தோழர்கள் உட்காரட்டும். வேலை இழந்தவர்களின் ஈ.எஸ்.ஐ. எண், கடைசியாகக் கூலி வாங்கிய நாள், சந்தா ஏறிய நாட்கள், இவற்றை ஒரு ஏட்டிலே குறியுங்கள். கட்டி, ஆறாத புண், காரணமற்ற இரத்தப்போக்கு என்று எவரேனும் சொன்னால், அந்த ஏட்டை மூடிவிட்டு, முதலில் அவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.