பாட்டைக் கேட்டவன் நந்தன், ஓட்டுப் போட்டவர் வேதியர்

(உப்பிலியபுரத்தில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



வயல் வேலை முடிந்து, சேறுகூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டேன். ஒரு இளந்தோழர் என்னைக் கேட்டார்: "அண்ணே, நாம் பத்து நாள் தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுத்தால் நூறு பேர் வருகிறார்கள். சினிமா நடிகர் வந்து கையை ஆட்டினால் ஊரே திரள்கிறதே, ஏன்?" நியாயமான கேள்வி.

இது நேற்று வந்த பழக்கமல்ல. 1937ல் சென்னை மாகாணத் தேர்தல். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, கே.பி.சுந்தராம்பாளைப் பிரசார மேடைக்கு அழைத்து வந்தார். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் ரயிலில் பாடிப் பிழைத்த அம்மையார் அவர். 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம் கட்டி நந்தனாகவே நடித்தார். சம்பளம் 1 லட்ச ரூபாய்! சிதம்பரம் போக வேதியரிடம் உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாள் நந்தன் யார்? நம் பாட்டன்தானே!

அந்த நந்தனின் குரல் ஓட்டுக் கேட்டது. ஆனால் நந்தனுக்கு ஓட்டு இருந்ததா? வெள்ளையன் போட்ட 1935ம் வருஷச் சட்டப்படி பெரும்பாலும் சொத்துள்ளவனுக்கும், வரி கட்டுகிறவனுக்கும், படித்தவனுக்கும்தான் ஓட்டு. 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. பாட்டைக் கேட்டவன் நந்தன். பெட்டிக்குப் போனவர் வேதியர். நமக்கு ஓட்டு வந்தது 1952 தேர்தலில்தான். அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. தேசத்துக்காகப் பாடினார், அந்தக் குரலுக்கு நானும் அடிமை.

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். 1960ல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற கென்னடிக்காக, கறுப்பினப் பாடகர் ஹாரி பெலபாண்டே டெலிவிஷன் விளம்பரத்தில் தோன்றினார். இன்னொரு கறுப்பினக் கலைஞர் சாமி டேவிஸ், கென்னடிக்கு ஓட்டுச் சேர்க்க ஊர் ஊராகப் பாடினார். அவர் வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க இருந்தார். கென்னடிக்கு ஓட்டுக் குறையுமென்று கல்யாணத்தைத் தேர்தலுக்குப் பின் தள்ளி வைத்தார். கென்னடி ஜெயித்தார். பதவியேற்பு விழாவுக்கு சாமி டேவிஸ் வர வேண்டாமென்று சொல்லி விட்டார்கள்! ஓட்டுக் கேட்க அந்த முகம் வேண்டும்; விருந்துப் பந்தியில் வேண்டாம். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தடையின்றி ஓட்டுப் போட 1965ல்தான் சட்டம் வந்தது. நந்தன் அங்கேயும் இருந்தான், தோழர்களே.

நட்சத்திரம் வந்தால் வெற்றி நிச்சயமா? 1967ல் குண்டடி பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் நாடெங்கும் ஒட்டப்பட்டது, தி.மு.க. ஜெயித்தது. ஆனால் அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் அந்தச் சுவரொட்டிக்குப் பின்னால் நின்றன. நம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன், தனிக்கட்சி கண்டு 1989ல் திருவையாற்றில் தோற்றார். அவர் நடிப்புக்கு அழாத வீடு அங்கே உண்டா? 2004ல் ரஜினிகாந்த் பா.ம.க.வை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் கட்சி தமிழ்நாட்டில் நின்ற இடமெல்லாம் ஜெயித்தது. சனங்கள் நடிகரை ரசிப்பார்கள். ஓட்டை எண்ணித்தான் போடுவார்கள். நாம் அவர்களை ஏமாளிகள் என்று ஏசுவது நம் சோம்பலுக்குச் சாக்கு.

ஆனால் ஒரு அநியாயத்தைச் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77வது பிரிவு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரை 'நட்சத்திரப் பேச்சாளர்' என்று எழுதிக் கொடுக்கலாம். கட்சிக்காக அவர்கள் பறக்கிற விமானச் செலவு அபேட்சகர் கணக்கில் ஏறாது. ஆலைத் தொழிலாளி ஒருவர் அபேட்சகராக நின்றால், அவர் தானே ஏறிப் போகிற வாடகை வண்டியின் டீசல் கணக்கில் ஏறும்!

நடிகர் வந்தால் போகக் கூடாதா என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார். போங்கள் தாயே, பாருங்கள். அவர் கார் கிளம்பியதும் அபேட்சகர் இங்கேதான் நிற்பார். அவர் சொத்துக் கணக்கு தேர்தல் அதிகாரி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போய் வாசிக்கச் சொல்லுங்கள். நிலம் எத்தனை ஏக்கர் என்று அதில் இருக்கும். அந்த நிலத்தில் களை எடுக்கிற பெண்ணுக்கு என்ன கூலி கொடுக்கிறார் என்பது அதில் இராது. அதை அவரிடமே கேளுங்கள்.