எரிமலையின் மடியில் ஓர் ஊர்



தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே டிரிஸ்டன் ட குன்யா என்றொரு தீவு உண்டு. கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் சிகரமே அத்தீவு. விமானம் இறங்க இடமில்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் சுமார் ஒரு வாரப் பிரயாணம். அங்குள்ள ஒரே ஊரில் முந்நூறுக்கும் குறைவானவர்களே வசிக்கின்றனர். நிலம் அனைவருக்கும் பொது. உருளைக்கிழங்கு பயிரிடுவர், மீன் பிடிப்பர். ஆண்டின் கடைசி நாளில் வாலிபர் முகமூடியணிந்து வீடுதோறும் சென்று விளையாட்டாக அச்சுறுத்துவர்.

1961 அக்டோபரில் ஊரின் அருகிலேயே எரிமலை வெடித்தது. மக்கள் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே தங்க இடம் கிடைத்தது; வேலையும் கிடைத்தது. ஆயினும் 1962-இல் வாக்கெடுப்பு நடந்தபோது 148 பேர் ஊர் திரும்பவே விரும்பினர், மறுத்தவர் ஐவரே. 1963-இல் பெரும்பாலோர் தீவை அடைந்தனர். இங்கிலாந்து வாழ்வை மறக்க இயலாமல் 1966-இல் மீண்டும் புறப்பட்டவர்களும் உண்டு.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நமக்கு இவ்விரு சாராரின் மனமும் புரியும். நெருப்பு கக்கிய மலையடிக்கே திரும்பியவர்களைப் பேதையர் என்று பிறர் சொல்லலாம். விடுமுறை வந்ததும் மூட்டை முடிச்சுடன் ரயிலேறும் நாம் அவ்வாறு சொல்லமாட்டோம்.