பல்ஸ் 62, பிபி 84

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பெர்சனல்.

அப்பாவுக்கு நுரையீரல்ல ஆபரேஷன். வலி தெரியாம இருக்க, முதுகுல நெஞ்சு உயரத்துல ஒரு மெல்லிய குழாய் வெச்சு எபிடியூரல் மருந்து போயிட்டே இருந்தது. ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துட்டிருந்தேன். பல்ஸ் 62. அப்பாடா, நிம்மதியா தூங்குறார்னு நினைச்சேன். அப்புறம் சிஸ்டர் வந்து பிபி பார்த்தாங்க. 84க்கு 50. உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. பிபி இறங்கினா இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டணும்ல?

டாக்டர் முதல்ல நெஞ்சுல இருந்து வர்ற டியூப்ல ரத்தம் அதிகமா வருதான்னு பார்த்தார். இல்ல. அப்புறம்தான் என்கிட்ட பேசினார். "தம்பி, இதயத்தை வேகமாக்குற நரம்புகள் தண்டுவடத்துல மார்புப் பகுதியோட மேல் நாலு மட்டத்துல இருந்து கிளம்புது. எபிடியூரல் மருந்து அங்க வரைக்கும் ஏறிட்டா, மூளை 'வேகமா அடி'ன்னு சொன்னாலும் செய்தி போய்ச் சேராது. உள்ள ரத்தம் கசிஞ்சாக்கூட பல்ஸ் ஏறாம இருக்கலாம்."

அதைக் கேட்டதும்தான் வயித்துல புளியைக் கரைச்சது. நம்ம ஆன்-கால் பாஷையில, சர்வர் விழுந்துட்டிருக்கு, ஆனா அலர்ட் அனுப்புற சர்வீஸே டவுன். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. நானும் அந்தப் பச்சையைப் பார்த்துட்டுதான் நிம்மதியா உட்கார்ந்திருந்தேன்.

ட்ரிப்பை வேகமாக்கிட்டு, 6 மில்லிகிராம் எபிட்ரின் போட்டார். சில நிமிஷத்துல பல்ஸ் 80, பிபி 106. நரம்பே பிளாக் ஆயிருக்கு, இது மட்டும் எப்படி வேலை செய்யுது? கேட்டேன். மரத்துப்போனது நடுவுல இருக்கிற வயர்தான். கடைசி முனையில நார்அட்ரினலின் ஸ்டாக் அப்படியே இருக்கு. எபிட்ரின் அதை வெளிய தள்ளுது, இதயத்துல இருக்கிற ரிசப்டர்களைத் தானும் போய்த் தட்டுது. அட்ரோபின் அப்படி இல்ல. அது வேகஸ் நரம்போட பிரேக்கை விடுவிக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காது.

பிரசவத்துக்குப் போடுற எபிடியூரலை நினைச்சு யாரும் பயந்துடாதீங்க. அது இடுப்புக்கிட்ட போடுறது. பொதுவா இவ்வளவு மேல ஏறாது. அதுலயும் பிபி இறங்கலாம், ஆனா இதய நரம்புகள் முழிச்சிருக்கும்.

மூணாம் நாள் குழாயை எடுத்தாங்க. சாயங்காலம் அப்பா எழுந்து நாலடி நடந்தார், பல்ஸ் 96. நான் பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். "நடந்தா ஏறத்தானே செய்யும், சார்"னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.